துணி டயபர்: எந்த அடுக்குக்கு என்ன வேலை?

குழந்தையைத் தொட்டிலில் போடும் நாள் வருவதற்குள்ளேயே பல வீடுகளில் இந்தப் பேச்சு எழுந்துவிடுகிறது. பாட்டி பழைய வேட்டியைச் சதுரம் சதுரமாகக் கிழித்து, துவைத்து, மடித்து வைத்திருப்பார். பிள்ளை பெற்ற மகள் கைபேசியில் பாக்கெட் டயபர், ஆல்-இன்-ஒன், பேம்பூ இன்செர்ட் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருப்பாள். "ராத்திரி எல்லாரும் தூங்கணும்ல, தூக்கி எறியுற கடை டயபரையே போட்டுடலாமே" என்பார் குழந்தையின் அப்பா. மூவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் மூவரும் பெயரை வைத்துப் பேசுகிறார்கள். பெயரை ஒதுக்கிவிட்டு அடுக்குகளைப் பார்த்தால் தேர்வு எளிதாகிவிடும்.

எந்த டயபருக்கும் மூன்று வேலைகள் உண்டு. தோலை ஒட்டியிருக்கும் பக்கம் ஈரத்தைத் தடுக்காமல் உள்ளே விட வேண்டும். நடுவில் இருப்பது அந்த ஈரத்தைக் குடித்துத் தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டும். வெளிப்பக்கம் அது படுக்கைக்கும் மடிக்கும் வராமல் மறிக்க வேண்டும். பாட்டியின் வேட்டித் துணியில் முதல் இரண்டு வேலைகளையும் ஒரே துணி செய்கிறது. மூன்றாவதைச் செய்ய ஆளில்லை. விலை கூடிய டயபரில் மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு பொருட்கள். ஆகவே ஒன்றை வாங்கும் முன் கேட்க வேண்டியது, ஒவ்வொரு அடுக்கும் எதனால் ஆனது, எவ்வளவு குடிக்கும், நம் ஊர் வெயிலிலும் மழையிலும் எத்தனை நேரத்தில் காயும் என்பதைத்தான். அதற்கும் முன்னால், எதைக் காப்பதற்காக இவ்வளவு பாடு என்பதைத் தெரிந்துகொள்வோம்.

பிறந்த குழந்தையின் தோல் ஏறத்தாழ நடுநிலையானது, அதன் பி.எச். அளவு 6-க்கு மேல் இருக்கும். அடுத்த சில நாட்களிலும் வாரங்களிலும் அது 5.5-ஐ ஒட்டி இறங்கி, தோல் இலேசான அமிலத்தன்மை பெறுகிறது. கெட்ட கிருமிகளை அடக்கி வைப்பதும், மேல்தோலின் செல்களுக்கு நடுவே பூச்சுப்போல நிற்கும் கொழுப்பை உருவாக்குவதும் இந்த அமிலச் சூழலில்தான் சரியாக நடக்கின்றன. டயபருக்குள் இருக்கும் தோலுக்கு மட்டும் இந்த வாய்ப்பு முழுதாகக் கிடைப்பதில்லை.

முதல் எதிரி ஈரம். நெடுநேரம் நனைந்த தோல் ஊறி மென்மையாகிறது. ஊறிய தோலில் துணி உரசினால் சீக்கிரம் சிராய்க்கும். அடுத்தது சிறுநீரும் மலமும் கூடும்போது நடப்பது. அப்போதுதான் வெளிவந்த சிறுநீர் தோலை ஒன்றும் செய்வதில்லை. அதில் யூரியா இருக்கிறது. மலத்தில் வாழும் பாக்டீரியாக்களிடம் யூரியேஸ் என்ற நொதி உண்டு. அது யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்குகிறது. அம்மோனியா காரம் என்பதால் அந்த இடத்தின் பி.எச். ஏறுகிறது. ஏறியதும், உணவைச் செரிக்க உடம்பு தயாரித்து மலத்தோடு வெளியேறியிருக்கும் புரத நொதிகளும் கொழுப்பு நொதிகளும் வேகம் பிடிக்கின்றன. இப்போது அவை செரிப்பது குழந்தையின் தோலை. டயபர் புண்ணுக்கு அம்மோனியாவே நேரடிக் காரணம் என்றுதான் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 1970களிலும் 80களிலும் நடந்த ஆய்வுகள், அம்மோனியா கதவைத் திறந்துவிடுகிறது, உள்ளே புகுந்து அழிப்பவை இந்த நொதிகள் என்று காட்டின.

இதிலிருந்து வீட்டுக்கு உதவும் ஒரு விதி கிடைக்கிறது. நனைந்த துணியைச் சற்று நேரத்தில் மாற்றலாம். மலம் பட்ட துணியை ஒரு நிமிடமும் விட்டுவைக்கக் கூடாது; அது எந்த வகை டயபராக இருந்தாலும் சரி. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையின் மலத்தில் அமிலத்தன்மை கூடுதல், நொதிகளின் வேகம் குறைவு. அதனால் அத்தகைய குழந்தைக்குப் புண் வருவது குறைவு. ஆறு மாதத்தில் இட்லியும் பருப்புச் சோறும் தொடங்கும்போது அல்லது பேதி ஆகும்போது, ஆன்டிபயாடிக் கொடுக்கும்போது திடீரெனச் சிவக்கிறது. "இந்த டயபர் சேரவில்லை" என்று தூக்கிப்போட்டு வேறு வாங்குகிறார்கள். பாவம், துணிமீது பழி விழுகிறது. மாறியது குழந்தையின் மலம்.

குடிக்கும் துணிகள்

பருத்தி இழை செல்லுலோஸால் ஆனது. செல்லுலோஸ் மூலக்கூறு நெடுக ஹைட்ராக்சில் குழுக்கள் இருக்கின்றன. நீர் மூலக்கூறுகள் வந்து பிடித்துக்கொள்ள இவை கைப்பிடிகள். வழக்கமான காற்றிலேயே 100 கிராம் பருத்தி 7 அல்லது 8 கிராம் ஈரத்தைத் தன்னுள் வைத்துக்கொண்டு, தொட்டால் உலர்ந்ததுபோலவே இருக்கும். பாலியஸ்டரில் அந்த அளவு அரை கிராம்கூட இல்லை. ஆனால் குழந்தை ஒரு தடவை சிறுநீர் கழிக்கும்போது வருவதில் பெரும்பகுதி இழைக்குள் போவதில்லை. இழைகளுக்கும் நூல்களுக்கும் இடையே உள்ள நுண்ணிய இடுக்குகளில் நுண்புழை விசையால் ஏறி நிற்கிறது. அதனால் எந்த நூல் என்பதோடு, எப்படி நெய்திருக்கிறது, எத்தனை மடிப்பு என்பதும் சேர்ந்துதான் கொள்ளளவைத் தீர்மானிக்கின்றன. துண்டுபோல வளையம் வளையமாக நூல் நிற்கும் டெர்ரித் துணி, மெல்லிய மல் துணியைவிட அதிகம் பிடிப்பது இதனால்தான். மல் துணியை நான்காக மடித்தால் அதுவும் அந்த அளவை எட்டிவிடும். பிரித்துப் போட்டால் மிகச் சீக்கிரம் காயவும் செய்யும். இந்தக் கடைசிக் குணம் மிகப் பெரியது, அதற்குப் பின்னால் வருகிறேன்.

பாட்டி புதுத் துணி எடுக்காமல் பழைய வேட்டியை எடுப்பதில் நல்ல வேதியியல் இருக்கிறது. பருத்தி இழையின் மேல் இயற்கையாகவே மெழுகுப் பூச்சு உண்டு. நெசவுக்குமுன் பாவு நூலுக்குக் கஞ்சி போடுகிறார்கள். ஆலையில் இவற்றைப் போக்கினாலும் கொஞ்சம் மிஞ்சும். கடையில் விறைப்பாக நிற்க வேண்டும் என்று மேலும் பூச்சு ஏற்றுவதும் உண்டு. அதனால் புதுத் துணியில் ஈரம் முத்து முத்தாக நின்று வழியும். பல ஆண்டுகள் துவைத்த ஈரோட்டு வேட்டியில் மெழுகும் இல்லை, கஞ்சியும் இல்லை. இழைகள் தேய்ந்து மென்மையாகி, ஒவ்வொன்றும் ஈரத்துக்கு வழிவிடும். புதிதாக வாங்கிய எந்தப் பருத்தி டயபரையும் போடுவதற்குமுன் நாலைந்து தடவை துவைத்துக் காயவைக்கச் சொல்வது இதே பலனுக்காகத்தான். சோதிப்பது சுலபம். ஒரு சொட்டு நீரைத் துணிமேல் விடுங்கள். விட்டதும் மறைந்தால் துணி தயார். உருண்டு நின்றால் இன்னும் துவைக்க வேண்டும்.

பேம்பூ துணிக்கு இப்போது பெரிய பெயர். தொட்டால் பட்டுப்போல இருக்கிறது, பருத்தியைவிட அதிகம் குடிக்கிறது, இரண்டும் உண்மை. ஆனால் கடைகளில் பேம்பூ என்று விற்கும் மென்மையான துணியில் பெரும்பாலானது விஸ்கோஸ். மூங்கில் கூழைக் காரத்திலும் கார்பன் டைசல்ஃபைடிலும் கரைத்து, நுண்துளைகள் வழியே பீய்ச்சி மறுபடி இழையாக்கியது. கரைந்து மறுபிறவி எடுத்த செல்லுலோஸுக்கு அது மூங்கிலில் இருந்து வந்ததா, வேறு மரத்தில் இருந்து வந்ததா என்ற நினைவு கிடையாது. மூங்கில் இயற்கையாகவே கிருமியைக் கொல்லும், அந்தக் குணம் துணியிலும் இருக்கிறது என்ற விளம்பரத்துக்காக அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் 2009-இல் சில நிறுவனங்கள்மீது நடவடிக்கை எடுத்தது. அந்தத் துணி ரேயான், அப்படித்தான் சொல்லி விற்க வேண்டும் என்றது ஆணையம். ஆகவே டயபருக்குள் உறிஞ்சுவதற்காக வைக்கும் பேம்பூ இன்செர்ட் வாங்கலாம். நிறையக் குடிக்கும் மெல்லிய துணி என்பதற்காக வாங்குங்கள். கிருமியைக் கொல்லும் என்று நம்பிக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். நனைந்தால் விஸ்கோஸின் வலு குறையும். முறுக்கிப் பிழிந்தால் சீக்கிரம் கந்தலாகும். காயவும் பருத்தியைவிட நேரம் எடுக்கும்.

மைக்ரோஃபைபர் வேறு கதை. தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய பாலியஸ்டர் இழைகள். இழைக்குள் நீர் நுழைவதில்லை. எல்லாம் இடுக்குகளில்தான் நிற்கிறது. இடுக்குகள் எண்ணற்றவை என்பதால் மின்னல் வேகத்தில் இழுக்கும், விலையும் குறைவு, வேகமாகக் காயும். குறை என்னவென்றால் அழுத்தினால் திரும்பக் கொடுத்துவிடும். குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்தாலோ கார் இருக்கையில் உட்கார வைத்தாலோ தொடை ஓரமாகக் கசியும். இன்னொன்றும் உண்டு. அதை நேராகத் தோலில் படும்படி வைக்கக் கூடாது. தோலின் ஈரத்தையும் எண்ணெய்ப் பசையையும் சேர்த்து உறிஞ்சி வறள வைக்கும். மேலே ஒரு துணி இருந்தாக வேண்டும்.

ஹெம்ப் என்னும் சணல்போன்ற நார்த் துணி மெதுவாகக் குடிக்கும், நிறையக் குடிக்கும், எளிதில் கக்காது. காய்ந்தால் அட்டைபோல விறைக்கும். மேலே பருத்தியும் அடியில் ஹெம்ப்பும் வைத்தால் இரவுக்கு நல்ல கூட்டு. மேலே இருப்பது உடனே பிடிக்கும், அடியில் இருப்பது நிதானமாக வாங்கிக்கொள்ளும்.

மறிக்கும் அடுக்கு

கசியாமல் மறிப்பதற்கு முன்பெல்லாம் ரப்பர் ஜட்டிதான். காற்றும் போகாது, நீராவியும் போகாது. அதற்குள் குழந்தை வெந்து சிவந்துவிடும். அமெரிக்காவில் மேரியன் டொனோவன் என்ற இளம் தாய் 1946-இல் தன் குளியலறைத் திரையை வெட்டித் தைத்து ஒரு கவர் செய்தார். பிறகு பாராசூட்டுக்குப் பயன்படும் நைலான் துணிக்கு மாறினார். ஊக்கு குத்தும் ஆபத்து வேண்டாம் என்று அழுத்துப் பட்டன் வைத்தார். 1951-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. இன்று நாம் பார்க்கும் பட்டன் வைத்த டயபர் கவருக்கு அவர்தான் முன்னோடி.

இப்போது அந்த இடத்தில் இருப்பது பி.யு.எல். என்று சுருக்கமாகச் சொல்லும் துணி. மெல்லிய பாலியஸ்டர் பின்னல் துணியின் ஒரு பக்கத்தில் பாலியூரித்தேன் படலத்தை ஒட்டியிருப்பார்கள். திரவமாக இருக்கும் நீரை அது விடாது; நீராவியாக ஓரளவு வெளியேற விடும். அந்த "ஓரளவு" எவ்வளவு என்பது படலத்தின் தரத்தைப் பொறுத்தது. குளிர் நாட்டில் அது போதும். மே மாதத்துச் சென்னையில், வெளியே இருக்கும் காற்றே ஈரத்தால் நிறைந்திருக்கும்போது, உள்ளே இருக்கும் ஆவிக்கு வெளியேறத் தூண்டுதல் குறைவு. குளிர் நாட்டுக் கட்டுரைகளைப் படித்துவிட்டு நாள் முழுக்கக் கவர் போட்டுவைப்பது நம் கடலோர ஊர்களுக்குப் பொருந்தாது என்று நான் உறுதியாகச் சொல்வது இந்த இயற்பியலை வைத்துத்தான். குளிர் நாடுகளில் கம்பளிக் கவரும் புழங்குகிறது. ஆட்டு ரோமத்தின் லனோலின் மெழுகு திரவத்தைத் தள்ளும், இழையின் உட்பகுதி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆவியை வாங்கிக்கொள்ளும். அருமையான பொருள். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் பொருந்தலாம், மதுரையில் வேண்டாம்.

தோலை ஒட்டிய அடுக்கு இரண்டு விதம். பருத்தி என்றால் குழந்தைக்கு ஈரம் தெரியும். ஃப்ளீஸ் போன்ற பாலியஸ்டர் என்றால் ஈரம் அதைக் கடந்து கீழே போய்விடும், மேல்பக்கம் உலர்ந்ததுபோல இருக்கும். இரவில் இது பெரிய உதவி. பகலில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஈரம் தெரியாததால் குழந்தை அழாது, அழாததால் நாம் மாற்ற மாட்டோம், மலம் பட்டிருந்தாலும் கவனிக்க நேரமாகும். சில குழந்தைகளுக்கு வேர்வையோடு சேர்ந்து பாலியஸ்டர் உறுத்தவும் செய்யும்.

இனி கடைப்பெயர்களுக்கு வரலாம். சதுரத் துணி, முக்கோணமாக மடித்துக் கட்டும் லங்கோட், நாடா வைத்த நாப்பி எல்லாம் ஒரே இனம். மறிக்கும் அடுக்கு இல்லாதவை. ப்ரீஃபோல்ட் என்பது நடுவில் தடிமனாகத் தைத்த நீள்சதுரம். மேலே கவர் வேண்டும். பாக்கெட் டயபரில் வெளியே பி.யு.எல்., உள்ளே ஃப்ளீஸ், இரண்டுக்கும் நடுவே பை. அந்தப் பைக்குள் வேண்டிய அளவு இன்செர்ட்டைச் செருகலாம், துவைக்கும்போது உருவிவிடலாம். ஆல்-இன்-டூ என்றால் இன்செர்ட் மேலேயே பட்டனால் நிற்கும்; நனைந்ததும் அதை மட்டும் கழற்றிவிட்டு அதே கவரில் வேறொன்றை வைக்கலாம். ஆல்-இன்-ஒன்னில் எல்லாம் சேர்த்துத் தைத்திருக்கும். கடை டயபர்போல எடுத்து மாட்டினால் போதும், குழந்தைகள் காப்பகத்துக்கும் தாத்தாவின் கைக்கும் ஏற்றது. ஆனால் அத்தனை அடுக்கும் ஒன்றாக இருப்பதால் காயாது. ஐப்பசி மழையில் அதைக் கொடியில் போட்டுவிட்டு இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அரைகுறையாகக் காய்ந்த தடித்த துணி பூஞ்சைக்கு வசதியான இடம். கேண்டிடா என்ற பூஞ்சை டயபர் இடுக்கில் அடர்சிவப்பாகப் பரவி, ஓரத்தில் சிறுசிறு புள்ளிகளைத் தெளித்ததுபோல வரும். ஆகவே என் தீர்ப்பு ஆல்-இன்-ஒன்னுக்கு எதிரானது. வெயில் நிச்சயமாக விழும் மொட்டைமாடி உள்ளவர்கள் மட்டும் ஒன்றிரண்டு வைத்துக்கொள்ளலாம்.

இரவுக்கு எவ்வளவு கொள்ளளவு வேண்டும் என்பதை வீட்டிலேயே கணக்கிடலாம். கைக்குழந்தைக்கு ஒரு கிலோ எடைக்கு மணிக்கு ஏறக்குறைய 2 மில்லி சிறுநீர் என்று வைத்துக்கொள்வோம். ஏழு கிலோ குழந்தை, பத்து மணி நேரம் என்றால் 140 மில்லி. நிறையப் பால் குடிக்கும் குழந்தைக்கு 200 மில்லியைத் தாண்டும். சமையலறைத் தராசில் இன்செர்ட்டைக் காய்ந்த நிலையில் நிறுத்து, நீரில் முக்கி, சொட்டுவது நின்றபின் உள்ளங்கையால் நன்றாக அழுத்தி, மறுபடி நிறுங்கள். கூடிய ஒவ்வொரு கிராமும் ஒரு மில்லி. "பத்து மணி நேரம் தாங்கும்" என்று அட்டையில் அச்சடித்திருப்பதைவிட இந்த எண் நம்பத்தக்கது.

எந்த வகையானாலும் கட்டும் முறையில் கவனம் வேண்டும். காலை நேராக நீட்டி இறுக்கிக் கட்டக் கூடாது. பிறந்த குழந்தையின் இடுப்பு மூட்டுக் கிண்ணம் இன்னும் பெரும்பாலும் குருத்தெலும்பாகவே இருக்கிறது; தொடை மடங்கி விரிந்த நிலையில்தான் பந்து கிண்ணத்தில் சரியாக உட்கார்ந்து வளரும். ஜப்பானில் பழைய துணி டயபர் முறை கால்களை நீட்டி வைத்தது. 1975 வாக்கில் அதைக் கைவிடச் சொல்லி நாடு முழுக்கப் பிரசாரம் செய்தார்கள். அதன்பின் அங்கே குழந்தைகளுக்கு இடுப்பு மூட்டு நழுவுவது பல மடங்கு குறைந்தது. கால் தவளைபோல மடங்கி அசைய இடம் இருக்கிறதா, இடுப்பில் இரண்டு விரல் நுழைகிறதா என்று பாருங்கள். தொப்புள் கொடி விழும்வரை துணியின் மேல் விளிம்பு தொப்புளுக்குக் கீழே இருக்கட்டும்.

துவைப்பு

துணி டயபர் தோற்றுப்போகும் வீடுகளில் பெரும்பாலும் தோற்பது துவைப்புதான். நம்மில் பலருக்கு ஆழ்துளைக் கிணற்று நீர். அதில் கால்சியமும் மக்னீசியமும் மிகுதி. சோப்புக் கட்டியைப் போட்டுத் தேய்த்தால் சோப்பின் கொழுப்பமிலம் கால்சியத்தோடு சேர்ந்து, நீரில் கரையாத உப்பாகித் துணியில் படிகிறது. வாளி ஓரத்தில் வெள்ளையாக ஒட்டும் அதே பிசுக்கு. நாளடைவில் துணி பழுப்பேறி, விறைத்து, குடிப்பதை நிறுத்திவிடும். உப்பு நீர் வீட்டுக்குச் சோப்பைவிட டிடர்ஜென்ட் தூள் மேல், ஏனென்றால் அதன் மூலக்கூறுகள் கால்சியத்திடம் இவ்வளவு எளிதில் சிக்குவதில்லை. அளவாகப் போட்டு, நுரை முழுவதும் போகும்வரை அலச வேண்டும். மிஞ்சிய தூள் சிறுநீரில் கரைந்து தோலை உறுத்தும்.

வாசனைக்காகக் கடைசி அலசலில் ஊற்றும் கம்ஃபர்ட் போன்ற துணி மென்மையாக்கிகளை டயபர் பக்கமே கொண்டுவராதீர்கள். அவற்றின் நேர்மின் மூலக்கூறுகள் இழைமேல் கொழுப்பு வாலை வெளியே நீட்டியபடி ஒட்டிக்கொள்ளும். தொட்டால் மெத்தென்று இருக்கும், நீரைத் தள்ளும். பாட்டியின் வேட்டியில் பத்தாண்டு துவைப்பு சம்பாதித்த குணத்தை அது சில துவைப்பிலேயே கெடுத்துவிடும். துத்தநாகக் களிம்பு, எண்ணெய் தடவும் நாட்களில் மேலே ஒரு மெல்லிய பழந்துணியை விரித்துக்கொண்டால் ஃப்ளீஸில் பிசுக்கு ஏறாது. கிருமிநாசினித் திரவத்தைத் துவைக்கும் நீரில் கலப்பதும் தேவையில்லாத வேலை. அதன் மிச்சமே சில குழந்தைகளுக்குச் சிவப்பைக் கொண்டுவரும்.

சிறுநீர்த் துணியை மூடிய வாளியில் நாள்கணக்கில் ஊறப்போட்டால் யூரியேஸ் தன் வேலையை அங்கே செய்யும். மூடியைத் திறந்ததும் கண் எரியும் நெடி அதுதான். கழற்றியதும் ஒரு தடவை நீரில் அலசிக் காற்றாடப் போட்டுவிட்டு, அன்றோ மறுநாளோ துவைத்துவிடலாம். துவைப்பதற்குமுன் மலத்தைக் கழிப்பறையில் தட்டிக் கழுவிவிட வேண்டும். பருத்தியை வெந்நீரில் துவைக்கலாம், கொதிக்கவும் வைக்கலாம். பி.யு.எல். கவரைக் கொதிக்க வைத்தால் படலம் பிரிந்து குமிழ் குமிழாக எழும். இஸ்திரிப் பெட்டியும் பிளீச்சும் அதற்கு ஆகாது.

மஞ்சள் கறை போகவில்லையே என்று கவலைப்படுபவர்கள் ஈரத்தோடு வெயிலில் போடட்டும். பால்குடிக் குழந்தையின் மலத்துக்கு மஞ்சள் நிறம் தருவது பித்தத்தில் இருந்து வரும் பிலிருபின். ஒளி பட்டால் அந்த மூலக்கூறு உருமாறிச் சிதையும். பச்சிளங்குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை வந்தால் நீல விளக்கின் கீழ் படுக்க வைப்பதும் இதே வேதிவினையை நம்பித்தான். 1950களில் இங்கிலாந்தின் ரோச்ஃபோர்ட் மருத்துவமனையில் செவிலியர் ஒருவர், வெயில் பட்ட குழந்தைகளின் தோலில் மஞ்சள் குறைந்திருப்பதைக் கவனித்தார். அதே இடத்தில், ஜன்னலோரம் வெயிலில் கிடந்த ரத்த மாதிரியில் பிலிருபின் அளவு எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்தது. அங்கிருந்து பிறந்த சிகிச்சை அது. கொடியில் காயும் துணியில் கறை மங்குவதைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துவரும் நம் பெண்கள் இதைக் கேட்டால் வியக்க மாட்டார்கள்.

கடை டயபரோடு ஒப்பிட்டால்

கடை டயபரின் வயிற்றில் இருக்கும் வெள்ளைத் துகள் சோடியம் பாலிஅக்ரிலேட். அதன் சங்கிலிகளுக்குள் இருக்கும் சோடியம் அயனிகள் சவ்வூடு பரவலால் நீரை இழுக்க, துகள் ஜெல்லாக ஊதுகிறது. தூய நீரை எடையில் சில நூறு மடங்கு இழுக்கும். உப்பு கலந்த சிறுநீரில் அது சில பத்து மடங்காகக் குறைந்துவிடும். அப்படியும் எந்தத் துணியாலும் அதை நெருங்க முடியாது, அழுத்தினாலும் கக்காது. 1980களில் நடந்த ஒப்பீட்டு ஆய்வுகளில் ஜெல் டயபர் போட்ட குழந்தைகளின் தோல் துணி போட்டவர்களைவிட உலர்வாகவும், பி.எச். இயல்புக்கு நெருக்கமாகவும் இருந்தது. இத்தகைய ஆய்வுகளில் பல உற்பத்தியாளர்களின் ஆதரவில் நடந்தவை. என்றாலும் இதை மறைத்துவிட்டுத் துணியைப் புகழ்வது நேர்மையாகாது. துணி வெல்ல வேண்டுமானால் அடிக்கடி மாற்றியாக வேண்டும். வேறு வழி இல்லை.

குப்பைப் பக்கம் பார்த்தால் கணக்கு திரும்புகிறது. பிளாஸ்டிக், ஜெல், மரக்கூழ், மலம் எல்லாம் கலந்த ஒரு பொருளைப் பிரித்து மறுசுழற்சி செய்ய நம் ஊர்களில் ஏற்பாடு அரிது. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் பயன்படுத்திய டயபரைத் தனியே பொதிந்து தர வேண்டும் என்றன. தெருமுனைத் தொட்டியில் அவை கிடக்கும் நிலை எல்லோரும் அறிந்தது. கையுறைகூட இல்லாமல் அவற்றை அள்ளும் தூய்மைப் பணியாளரும் ஒரு குழந்தையின் தாயாகவே இருப்பார்.

துணி என்றாலே சூழலுக்கு நல்லது என்றும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2008-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழந்தைக்கு இரண்டரை ஆண்டுகளுக்குக் கடை டயபரால் சுமார் 550 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு இணையான வெளியேற்றம், துணி டயபரால் சுமார் 570 கிலோ என்று வந்தது. வேறுபாடே இல்லை என்று பலர் இதை எடுத்துக்காட்டுவார்கள். அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. எந்திரத்தை நிறைத்துத் துவைத்து, எப்போதும் கொடியில் உலர்த்தி, அடுத்த குழந்தைக்கும் அதையே பயன்படுத்தினால் துணியின் சுமை 40 சதவீதம் குறைகிறது. 90 டிகிரியில் துவைத்து எப்போதும் மின் உலர்த்தியில் காயவைத்தால் 75 சதவீதம் ஏறுகிறது. அந்நாட்டில் சிறப்பு முயற்சி என்று கணக்கிட்ட கொடி உலர்த்தலும் அடுத்த பிள்ளைக்கு எடுத்துவைப்பதும் நம் வீடுகளில் அன்றாட வழக்கம். ஆகவே இங்கே துணியின் பக்கம் தராசு நன்றாகவே சாய்கிறது.

ஆனால் லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசை வைக்கும் தெருவில், பிள்ளை பெற்று ஒரு மாதம்கூட ஆகாத பெண்ணின் தலையில் தினமும் இருபது துணியைக் கட்டிவிட்டு சுற்றுச்சூழல் பேசுவதை என்னால் ஏற்க முடியாது. துணி டயபர் என்று முடிவு செய்யும் வீட்டில் துவைப்பது யார் என்பதையும் அன்றே முடிவு செய்ய வேண்டும். அந்த வேலையைக் குழந்தையின் அப்பா எடுத்துக்கொள்வது மிகப் பொருத்தம்; பாலூட்டுவதை அவரால் பகிர்ந்துகொள்ள முடியாது, இதை முழுவதுமாகவே செய்யலாம்.

முதல் மாதத்துக்குப் பாட்டியின் வேட்டித் துணியை மிஞ்ச ஒன்றுமில்லை. கவர் வேண்டாம், கீழே ஒரு ரப்பர் விரிப்பு போதும். நனைந்த துணி உடனே தெரியும், எண்ணலாம். ஐந்தாம் நாளுக்குப் பின் ஒரு நாளில் ஆறு துணியாவது நன்றாக நனைந்தால் தாய்ப்பால் போதுமானதாக இருக்கிறது என்பதற்கு அது நல்ல அடையாளம். குறைந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். உறிஞ்சி மறைத்துவிடும் டயபரில் இந்த எண்ணிக்கை கிடைக்காது. அதன்பின் பகலில் வீட்டில் இருக்கும்வரை மெல்லிய பருத்தியே தொடரட்டும், தினமும் சிறிது நேரம் எதுவும் கட்டாமல் காற்றாடப் படுக்க வையுங்கள். வெளியே போகவும் இரவுக்கும் பாக்கெட் அல்லது ஆல்-இன்-டூ, உள்ளே பருத்தி இன்செர்ட், கனமான இரவுகளுக்குக் கூடவே ஒரு ஹெம்ப் அல்லது பேம்பூ. நெடும்பயணத்துக்கும் காய்ச்சல் நாளுக்கும் கடை டயபர் போட்டால் குற்ற உணர்ச்சி வேண்டாம்.

சிவப்பு இரண்டு மூன்று நாளில் தணியாவிட்டாலோ, புள்ளி புள்ளியாகப் பரவினாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பை டயபருக்குள் தடவவே கூடாது. மூடிய ஈரத்தோலில் அது பல மடங்கு உறிஞ்சப்பட்டு உடம்புக்குள் போகும். டயபர் வாங்கும்போது, தள்ளுபடி விலைக்கு ஆசைப்பட்டு ஒரே வகையில் இருபது வாங்கிவிடாதீர்கள். வகைக்கு ஒன்று வாங்கி, உங்கள் வீட்டு நீரில் துவைத்து, உங்கள் கொடியில் காயவைத்து, உங்கள் குழந்தையின் தொடைக்குச் சரியாக நிற்கிறதா என்று ஒரு வாரம் பார்த்துவிட்டு, பிறகு மிச்சத்தை வாங்குங்கள்.